லயத்துப் புகையின் நிறம்

எங்கள் ஸ்டூடியோவில் இப்போது கலர் வேலை பார்க்கிற நிரோஷா போன மாதம் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. பச்சை சரியாக வரவில்லையென்றால் இன்னமும் என்னைத்தான் கூப்பிடுவாள். இந்தத் தடவை அப்படிச் சிக்கல் ஒன்றும் இல்லை.

"அக்கா, மலைநாட்டு ரயிலுக்குன்னே ஒரு பிரிசெட் வந்திருக்கு. ஒரே அமுக்குத்தான். தேயிலை, பனி, ஆளுங்க மொகம் எல்லாம் தானா வந்துருது" என்றாள்.

அனுப்பியும் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"அப்ப நீங்களும் டேவிட் சேரும் அந்த ரயில் படத்தோட ஏன் மாசக்கணக்கா மல்லுக்கட்டினீங்க?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

கலர் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய கெமராக்கள் தருகிற மூலப் படம் சாயம் போன துணி மாதிரி வெளிறியிருக்கும். நிறமெல்லாம் உள்ளேதான் கிடக்கும். அதை எவ்வளவு வெளியே கொண்டு வருவது என்று ஒருவர் உட்கார்ந்து காட்சி காட்சியாக முடிவு செய்யவேண்டும். என் வேலைக் காலத்தின் பின்பாதி அப்படி முடிவு செய்வதிலேயே போனது.

முன்பாதியில் சொல்ல அதிகமில்லை. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பரீட்சை எழுதிய கையோடு ஹட்டனுக்கு வேலைக்கு வந்தவள் நான். முதலில் நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்து வடுக்களை மறைக்கிற வேலை. பிறகு கலர் பிரிண்ட், பிறகு கலியாண வீடியோ. கை நடுங்காது, பொறுமை உண்டு என்று ஒவ்வொரு தடவை மெஷின் மாறியபோதும் என்னையே அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். கெமரா தூக்கவும் அப்படித்தான் பழகினேன்.

கலர் பகுதிக்குப் பொறுப்பு டேவிட் சேர். தோட்டப் பாடசாலை வாத்தியாரின் மகன். அம்மா கொழுந்து எடுத்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் வளர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் வேலை செய்தோம். ஒரு நாளும் என்னை 'நீ' என்றதில்லை. அந்த அறையின் நான்கு சுவர்களுக்கும் சாம்பல் நிறம் அடித்திருந்தார். உள்ளே வருகிறவர்கள் ஆணியில் தொங்கும் சாம்பல் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். சிவப்புச் சேலையோடு உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு மொனிட்டரில் பட்டுக் கண்ணை ஏமாற்றிவிடும் என்பார். ஸ்டூடியோ முதலாளியே ஒரு நாள் கோட்டு இல்லாமல் வந்து, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்.

நாற்பது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் ஜன்னல். அது அவருடைய அடுத்த சட்டம். ஜன்னலைத் திறந்து எதிர் மலையைப் பார்க்கவேண்டும். "கண்ணக் கழுவிட்டு வாங்க" என்பார். தண்ணீரால் அல்ல. என் வேலையில் பிழை கண்டால் பிழை என்று சொல்லமாட்டார். "இன்னொரு தடவ பாருங்களேன் லோகா" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் முதல் காட்சியிலிருந்து மறுபடி தொடங்குவேன்.

நுவரெலியாவில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ஹோட்டலிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. வரவேற்பு மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் மலைநாட்டு ரயில் பயணம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே வருகிறவர்களுக்குத் தாங்களே ரயிலில் நிற்கிற மாதிரி இருக்கவேண்டும் என்றார் மனேஜர் விஜித மாத்தயா. அப்படி எடுப்பதென்றால் அகன்ற லென்ஸ்தான்.

கடைசிப் பெட்டியின் பின்பக்கத்தில் நின்று எடுக்க அனுமதி வாங்கி, ஒரே வாரத்தில் மூன்று காலைகள் ஹட்டனிலிருந்து ஒஹிய வரை போனோம். அகன்ற லென்ஸைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ரயிலில்தான் அதன் குணமெல்லாம் தெரிந்தது. நடுவில் நிற்கிற ஆள் ஆளாக இருப்பார். ஓரத்தில் நிற்கிற ஆளின் தலை மாவை இழுத்த மாதிரி நீண்டுவிடும். கெமராவைக் கொஞ்சம் குனிய வைத்தால் தண்டவாளம் வில்லாக வளையும். அதனால் தொடுவானம் சட்டத்தின் நடுவிலேயே இருக்கவேண்டும். மலையில் தொடுவானம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. வெளிச்சத்தையும் வெள்ளையையும் கெமராவின் இஷ்டத்துக்கு விடவே கூடாது. விட்டால் ஒவ்வொரு சுரங்கத்தைத் தாண்டும்போதும் படம் மூச்சு வாங்குவது மாதிரி மங்கித் தெளியும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சேர் தன் சாம்பல் அட்டையை லென்ஸுக்கு முன்னால் பிடிப்பார். நான் அதைப் படம் எடுத்துக்கொள்வேன், அவர் தேதியும் இடமும் நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு வேலையறையில் அந்த அட்டை சாம்பலாகத் தெரிகிறவரை திருத்தினால், அந்த இடத்து வெளிச்சம் பிடிபட்டுவிடும்.

அகன்ற லென்ஸின் பெரிய பொய் தூரம். திரையில் பாறை பத்தடி தள்ளித் தெரியும். உண்மையில் அது முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் நாள் வட்டகொடையைத் தாண்டி ஒரு வளைவில் நான் திரையைப் பார்த்தபடியே வெளியே சாய்ந்துவிட்டேன். சேர் என் கோட்டுக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். மண்மேடு உரசுகிற மாதிரி போனது.

"ஒருத்தர் திரையப் பார்ப்போம், ஒருத்தர் வெறுங்கண்ணால வெளியப் பார்ப்போம். நீங்க திரை. நான் கண்ணு" என்றார்.

மூன்றாம் நாள் பட்டிப்பொலவைத் தாண்டி, சுரங்கத்திலிருந்து வெளியே வந்தபோது "லோகா, கிளை!" என்று அவர் கத்தியது தாமதமாகிவிட்டது. கிளை லென்ஸின் முன்விளிம்பில் அடித்து, ஈர இலைகளை எங்கள் மேல் கொட்டிவிட்டுப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"வெளிச்சம் அப்படியே மொகத்துல அடிச்சிருச்சு" என்றார்.

அதே நாள் அம்பேவெலயில் வேறொன்றும் நடந்தது. ஸ்டேஷன் மேடையில் நின்ற ஒரு பெண் சட்டத்தின் ஓரத்தில் விழுந்து முகம் நீண்டு தெரிந்தாள். "அந்தக் கறுப்பு ஸ்வெட்டர் போட்டவங்கள நடுவுக்கு வரச் சொல்லுங்க" என்றார் சேர். கறுப்பு ஸ்வெட்டர் யாரும் இல்லை. அவள் போட்டிருந்தது கருநீலம். இருட்டில் அப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மணி காலை பத்துக்கு மேல்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே டேவிட் சேர் முடிக்கிற படங்களில் நீலம் ஏறிக்கொண்டு வந்தது. கோயில் கலியாணத்தில் வெள்ளை வேட்டி நிலாவில் காயப்போட்ட மாதிரி இருந்தது. ஒரு தடவை சொன்னேன்.

"சேர், கொஞ்சம் நீலமா இருக்குற மாதிரி தோணுதே?"

அவர் வெகு நேரம் பார்த்தார். "இன்னொரு தடவ பாருங்களேன் லோகா" என்றார்.

பார்த்தேன். என் கண்ணிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மொனிட்டரைச் சந்தேகப்பட்டேன். வயரை மாற்றினேன். பல்பை மாற்றினேன். பக்கத்து அறை மொனிட்டரைத் தூக்கி வந்து அருகில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் கணக்கைப் பார்த்தேன். படத்தில் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்று மூன்று கோடுகளாகக் காட்டுகிற ஒரு கருவி உண்டு. சாம்பல் அட்டையில் மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கவேண்டும். சேர் முடித்த படத்தில் நீலக் கோடு மட்டும் தனியாக மேலே நின்றது. பழைய டேவிட் சேர் என்றால் முதல் வேலையாக அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார். இப்போது அந்தக் கருவியை மூடி வைத்திருந்தார்.

அவரிடம் கோட்டைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகு நீலத்தை ஒரு துளி இறக்கிவிட்டுப் படத்தை அனுப்பினேன். அடுத்த படத்துக்கு இரண்டு துளி. அவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. ரயில் படத்துக்கு வந்தபோது அது என் கைக்குப் பழகிய வேலையாகிவிட்டது. அவர் முடித்த நீல ரயிலை எடுத்துக்கொண்டு முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை நீலத்தை வடித்தேன்.

ஹோட்டலில் போட்டுக் காட்டுகிற நாள் நான் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. காலையில் பஸ் ஸ்டாண்டில் டேவிட் சேர் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"இவ்வளவு பெரிய சுவத்துல நம்ம வேலைய நான் பார்த்ததே இல்லையே. நானும் வர்றேன்" என்றார்.

பஸ்ஸில் வழி நெடுக அவர் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

சுவரில் ரயில் ஓட ஆரம்பித்தது. விஜித மாத்தயா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "ஹரிம லஸ்ஸனய்" என்றார். மிக அழகாக இருக்கிறது என்று அர்த்தம். வரவேற்பு மேசையிலிருந்த பெண்களும் எழுந்து வந்தார்கள். சேர் மட்டும் சுவருக்குப் பக்கத்தில் போய், பின்னால் வந்து, மறுபடி பக்கத்தில் போனார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பினார்.

"மன்னிக்கணும். இது நான் போட்ட கலர் இல்ல. ஏதோ பிழையாகிருச்சு. எல்லாம் மஞ்சளா ஓடுது" என்று சிங்களத்தில் மனேஜரிடம் சொன்னார்.

விஜித மாத்தயா திகைத்துப்போய்ச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் சேர் மாத்தினேன்" என்று தமிழில் சொன்னேன்.

"எதை?"

"நீலத்த. எல்லாத்துலயும்."

"இந்தப் படத்துல மட்டுமா?"

"இல்ல சேர்."

அவர் மனேஜரிடம் திரும்பி, படம் சரியாகத்தான் இருக்கிறது, தான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார். கைகொடுத்தார். தேநீர் கொண்டு வந்தார்கள், குடித்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஹட்டன் வரை அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் நான் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் முன்னதாகவே வந்திருந்தார். கோட்டு மாட்டியிருந்தார். மேசையில் இரண்டு சாம்பல் அட்டைகள் கிடந்தன. ஒன்று பழசு, ஒன்று புத்தம் புதிது.

"இது ரெண்டும் என்ன நெறம், சொல்லுங்க."

"சாம்பல்."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான் சேர்."

அவர் உட்கார்ந்தார். "பழசு மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. பழசாகிருச்சு, அதான்னு புதுசு வரவழைச்சேன். வந்து ரெண்டு மாசமாச்சு. அதுவும் மஞ்சளாத்தான் இருக்கு. கம்பெனிக்காரன் பிழைன்னு நெனச்சுக்கிட்டேன்." புது அட்டையைக் குப்புறக் கவிழ்த்தார். "நெசமா அப்படி நெனைக்கல லோகா. அப்படி நெனைக்க ஆசைப்பட்டேன்."

எனக்கு அம்பேவெலயின் கருநீல ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது. சொன்னேன். சுரங்கத்து வெளிச்சத்தையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. காலையில் காலுறை மாட்டும்போது மனைவியிடம் நிறம் கேட்டுத்தான் மாட்டுவதாகச் சொன்னார்.

"நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னேன் சேர். இன்னொரு தடவ பாக்கச் சொன்னீங்க."

அவர் இரண்டு அட்டைகளையும் எடுத்து இழுப்பறையில் வைத்தார். நான் கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்டிக்கு அவருடைய மனைவியோடு நானும் போனேன். கண் டொக்டரிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு உலகமும் மஞ்சள், மொனிட்டரும் மஞ்சள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து ஒன்றை மற்றதுக்குச் சமமாக்கினால் சரியாகத்தானே வரவேண்டும்? டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். வெளியே வெளிச்சம் நிறைய இருப்பதால் மூளை தானே சரிக்கட்டிக்கொள்ளும் என்றார். இருட்டறையில் ஒரு திரையை மட்டும் பார்க்கிறவர் வெளியுலகத்தோடு ஒப்பிடுவதில்லை, தன் ஞாபகத்தோடு ஒப்பிடுகிறார் என்றார். டேவிட் சேர் தன் இளவயதுக் கண் பார்த்த பனியைத் திரையில் தேடியிருக்கிறார். அது தெரிகிறவரை நீலத்தை ஏற்றியிருக்கிறார்.

முதலில் வலது கண். இடது கண்ணுக்குச் சில வாரம் தள்ளி நாள் கொடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்ற அன்றே சேர் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். தான் போட்ட நீல ரயிலை முதலில் ஓடவிடச் சொன்னார். இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இது நுவரெலியாவா, ஐஸ் பெட்டியா? இதையா நான் இஸ்திரி போட்ட சட்டையோட காட்ட வந்தேன்?"

சிரிப்பு அடங்கியதும் என் படத்தைப் போடச் சொன்னார். இதை உன்னிப்பாகப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார் ஓரிடத்தில். எனக்குக் காது குளிர்ந்தது. கொட்டகலை தாண்டி, தலவாக்கலைக்கு முன்னால் ஒரு காட்சியில் கையைத் தூக்கினார். ரயில் வளைகிறது, கீழே ஒரு லயம், பின்னால் நிழலில் இருண்ட மலை. லயத்துக்கு மேல் வெண்மையாய் ஏதோ படிந்திருந்தது. மொத்தம் எட்டு நொடிக் காட்சி.

"இங்க பொகை இருக்கணுமே."

"அது பனி சேர்."

"பொகை. காலையில எல்லாக் குசினியிலயும் அடுப்பு எரியுற நேரம். பொகை நீலமா நிக்கும். சின்ன வயசுல அம்மா விடியக்காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப நானும் கூடப் போவேன். மேட்டுல இருந்து பார்த்தா கீழ லயம் முழுக்க நீலம்."

"அது உங்க ஞாபகமா இருக்கும் சேர்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் கோபப்படவில்லை. "இருக்கலாம். என் ஞாபகத்த இனி நானே நம்பக்கூடாது" என்றார். மூலப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். வெளிறிப்போய்க் கிடந்தது. நீலம் என்று இழுத்தாலும் வந்தது, வெள்ளை என்று இழுத்தாலும் வந்தது.

"போய்ப் பார்த்துருவோமா?" என்றார்.

அடுத்த நாள் காலை அதே ரயிலில் ஏறினோம். கெமரா எடுத்துப் போகவில்லை. ஹட்டனிலிருந்தே சேர் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்துவதும், கை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்துவதுமாக வந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பாவம், இவருக்கு ஏதோ வேண்டுதலா என்று என்னிடம் கேட்டார்.

"லோகா, இந்தக் கண்ணுல தேயிலை. இந்தக் கண்ணுல தேத்தண்ணி" என்றார் சேர். மலை முழுவதையும்தான் அப்படிச் சொன்னார். நான் அவருடைய நோட்டை வாங்கி எழுதினேன். புதுக் கண்ணில் வானம் கூசுகிற வெள்ளை, பழைய கண்ணில் பழைய காகிதம். புதுக் கண்ணில் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கு நீலம், பழைய கண்ணில் நிறமில்லை. ஐம்பது தாண்டிய ஒருத்தியும் அறுபது தாண்டிய ஒருவரும் விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இருந்தோம்.

கொட்டகலை தாண்டியதும் இருவரும் எழுந்து வாசலுக்குப் போனோம். வளைவு வந்தது. கீழே லயம் வந்தது.

புகை நீலமாக இருந்தது. தகரக் கூரைகளின் இடுக்கிலிருந்து இழை இழையாகக் கிளம்பி, இருண்ட மலையின் முன்னால் சுத்த நீலமாக நின்றது. அதே புகை மலையைத் தாண்டி வானத்துக்கு முன்னால் ஏறியதும் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது.

"பழைய கண்ணுல ஒண்ணுமே இல்ல" என்றார் சேர், கை மாற்றி மாற்றி. "புதுசுல நீலம். உங்களுக்கு?"

"நீலம் சேர்."

"மேல போனா ஏன் பழுப்பாகுது?"

எனக்குத் தெரியவில்லை. ஒரே புகை, பின்னால் இருப்பது மாறினால் நிறமும் மாறுகிறது. ரயில் வளைவைக் கடந்துவிட்டது. நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். டேவிட் சேருக்குக் கண்ணில் புரை, அதனால் தெரியவில்லை. எனக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. இந்த இடத்தை நானே நேரில் நின்று எடுத்தேன். அப்படியும் அழித்துவிட்டேன். அவர் போட்ட நீலம் எல்லாமே பிழை என்று முடிவு கட்டிவிட்டதால், எந்த நீலத்தையும் நான் பார்க்கவேயில்லை. வடித்துக்கொண்டே போனேன். அதைச் சேரிடம் சொன்னேன்.

அவர் கண்ணைப் பொத்தியிருந்த கையை இறக்கினார். "சரி, இன்னொரு தடவ பார்ப்போம்" என்றார். அன்றைக்குத்தான் அந்த வாக்கியத்தில் அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

முழுப் படத்தையும் இருவரும் மறுபடி தொடக்கத்திலிருந்து செய்தோம். கோடு காட்டும் கருவி திறந்தே இருந்தது. அவருக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்தால் இருவரும் கோட்டைப் பார்த்தோம். கோடும் கைவிட்டால் ஜன்னலைத் திறந்தோம். அந்த எட்டு நொடிக்குத்தான் அதிக நாள் போனது. நொடிக்கு இருபத்தைந்து படம், ஆக இருநூறு. ரயில் ஓடுவதால் ஒவ்வொரு படத்திலும் புகை வேறிடத்தில் இருக்கும். காட்சி முழுவதற்கும் நீலம் ஏற்றினால் ரயில் ஜன்னலில் தெரியும் முகங்களும் தகரக் கூரையும் கெட்டுவிடும். புகையை மட்டும் சுற்றிக் கோடு போட்டு, கீழ்ப்பாதிக்கு நீலமும் மேல்பாதிக்கு வெளுப்பும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். நான் கோடு போட்டேன். சேர் வலது கண்ணால் நிறம் வைத்தார்.

ஹோட்டலில் புதிய படத்தைப் போட்டார்கள். விஜித மாத்தயா பார்த்தார். முந்தியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். சேர் விளக்கினார். மனேஜர் மரியாதைக்குத் தலையாட்டினார். ஹோட்டல் திறந்த பிறகும் யாரும் புகையைப் பற்றிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நாங்கள் வைத்த நீலம் சரிதானா என்று சொல்லக்கூடியவர்கள் அந்த லயத்தில்தான் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டு நொடியைப் போனில் ஏற்றிக்கொண்டு கொட்டகலையில் இறங்கினேன். டேவிட் சேரும் கூட வந்தார். அதற்குள் இடது கண்ணும் முடிந்திருந்தது.

விசாரித்து விசாரித்து நடந்து லயத்தை அடைந்தோம். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. முதல் காம்பராவின் வாசலில் சாந்தி என்ற பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"எங்க வீட்டுப் பொகையா? அத அழிச்சீங்களா? ஏன்க்கா?"

"பனின்னு நெனச்சுட்டேன்."

"பனி எங்கயாச்சும் கூரையில இருந்து கெளம்புமா?"

சேர் வாய்விட்டுச் சிரித்தார். நான் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். குழந்தை திரையைப் பிடிக்கப் பார்த்தது. ஒரு தடவை ஓடி முடிந்தது. மறுபடி போடச் சொன்னாள்.

"நெறம் சரியா இருக்குக்கா. இப்படித்தான் இருக்கும். இது செல்வி வீடு. இது மருதாயி அக்கா. இது லீலா வீடு, அவ ஈர வெறகு வச்சுத்தான் எரிப்பா, பாருங்க எவ்வளவு பொகை." விரலால் ஒவ்வொரு காம்பராவாகத் தொட்டுக்கொண்டு போனவள், கடைசியில் நின்றாள். "எங்க வீட்டுல மட்டும் பொகையே இல்லையே?"

போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். முதல் காம்பராவின் கூரைக்கு மேல் மலை கறுப்பாக, சுத்தமாக இருந்தது. இருநூறு படத்தில் அந்த ஒரு வீட்டைச் சுற்றிக் கோடு போட மறந்துவிட்டேனா? சேரும் குனிந்து பார்த்தார். மூலப் படமும் போனில் இருந்தது. அதைத் திறந்து பெரிதாக்கினோம். அதிலும் அந்தக் கூரைக்கு மேல் ஒன்றுமில்லை.

"நாங்க எடுத்துப் போடல தங்கச்சி. அன்னிக்கு உங்க வீட்டுல அடுப்பே எரியல போல" என்றார் சேர்.

"எரியாம எப்படி? தெனமும் எரியுமே. என்னிக்கு எடுத்தீங்க?"

சேர் நோட்டைப் புரட்டித் தேதியைச் சொன்னார். சாந்தி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வாங்களேன்!" என்று கத்தினாள். கணவன் முகம் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "ஓடுற கோச்சியில இருந்து நம்ம லயத்தப் படம் பிடிச்சிருக்காங்க. எந்தத் தேதி தெரியுமா?" அவனிடமும் தேதியைச் சொன்னாள். அவன் வெட்கத்தோடு சிரித்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

"நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில சேர்" என்றான்.

சாந்தி குழந்தையை இடுப்பிலிருந்து தூக்கி, போனுக்கு நேரே பிடித்தாள். எட்டு நொடி மறுபடி ஓடியது. நீலப் புகைகளுக்கு நடுவே வெறுமையாய் இருந்த அந்த ஒரு கூரையில் விரலை வைத்தாள்.

"பாருடி, இங்க மட்டும் அடுப்பு எரியல. அந்த நேரத்துலதான் நீ பொறந்த."